ஐயாவுக்கு வேர்க்கக் கூடாது

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ராசிபுரம் போகும் வழியில் உள்ள ஓர் ஊரிலிருந்து எங்கள் கடைக்கு அழைப்பு வந்தது. படுக்கையறை ஏசி குளிரவில்லை, உடனே வர வேண்டும் என்றார்கள்.
2. போனேன். அந்த அறையில் ஒருவர் படுத்திருந்தார். அன்று விடியற்காலையில் இறந்தவர்.
3. அவர் தலைமாட்டில் எரிந்த விளக்கின் சுடர் பச்சையானது.
4. அதைப் பார்த்தவர்கள், மகள் வரும்வரை வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள்.
5. ஏசியில் கேஸ் கசிந்த இடத்தைச் சரிசெய்தேன். அளவு பார்த்து கேஸ் ஏற்றினேன். அறை குளிர்ந்தது.
6. சுடர் இன்னொரு முறை பச்சையானது.

முதல் ஐந்துக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தேன். பிறகு ஃப்ரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் பயிற்சி எடுத்தேன். அஸ்தம்பட்டியில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை. படுக்கையறைக்குள் போகிற வேலை என்பதால், பெண் ஒருத்தி வந்தால் நல்லது என்று கேட்டு அழைக்கும் வீடுகள் நிறைய உண்டு. அன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன். போனில் பேசியது பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஐயா உள்ளதான் படுத்திருக்கறாருங்க அம்மிணி. உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இருக்காது. ஐயாவுக்கு வேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்."

யாரோ வயதானவர், உடம்பு முடியாதவர் என்று எடுத்துக்கொண்டேன். கடை வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சித்திரை வெயில். தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோலத் தெரிந்து, பக்கத்தில் போகப்போக இல்லாமல் போயிற்று. தெருமுனையில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டைத் தாண்டி எப்படிப் போவது என்று கேட்கத்தான் கண்ணாடியை இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "இதேதானுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நான் இறங்கத் தயங்கியதைப் பார்த்து, "சொன்னா வரமாட்டீங்கன்னு பயந்துட்டனுங்க" என்றார்.

அறைக்கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஜன்னல் இடுக்குகளில் பேக்கிங் டேப் ஒட்டியிருந்தது. குளிர் வெளியே போகக்கூடாது என்பதற்காக. உள்ளே ஐந்தாறு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, ஏசிக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். அவர் அதில் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. நெற்றியில் காசு. கழுத்துவரை வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது.

போர்வை மெதுவாக உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

பெண்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  நான் மேலே பார்த்தேன். ஏசியின் வாய்த்தகடு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. அது கீழே வரும்போது காற்று மார்பில் பட்டு, துணி உப்பியது. தலையணை ஓரம் கிடந்த ரிமோட்டை எடுத்து ஸ்விங்கை நிறுத்தினேன். போர்வை நின்றது. அவருடைய மூச்சை நான் நிறுத்திவிட்டதுபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி. "வா சாமி" என்றார். "நாளைக்குக் காலைல புள்ள வந்துருவா. வெளிநாட்டுல இருந்து கெளம்பிட்டா. அதுவரைக்கும் இந்த மூஞ்சி இப்படியே இருக்கோணும்."

"ஐஸ் பெட்டி சொல்லலீங்களாம்மா?"

"அவருக்குப் பெட்டி ஆகாது. மோட்டாருக்குக் காயில் கட்டற வேலை. ஒருக்கா கெணத்துக்குள்ள மோட்டாரு கழட்ட எறங்குனாரு. மண்ணு சரிஞ்சு ராப்பூரா உள்ளயே கெடந்தாரு. அதுக்கப்பறம் லிப்டுல கூட ஏற மாட்டாரு. செத்தாலும் என்னையப் பெட்டில வெச்சுராதன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

கதவோரம் நின்றிருந்த பெரியவர், இறந்தவரின் அண்ணன், தொண்டையைச் செருமினார். "அது உசுரோட இருக்கறப்ப சொன்னது."

"செத்ததுக்கப்பறம் மாத்திச் சொல்லலீங்களே மாமா" என்றார் அந்த அம்மா.

மகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு வெளியே வைத்துச் சொன்னார். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. போன மாதம் அவரே மகளைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பேசவில்லை. இனி மகளுக்கு மிச்சம் இருந்தது அந்த முகம் மட்டும்தான்.

வெளி யூனிட்டில், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினேன். ஓடும்போது அறுபதுக்கு மேல் நிற்க வேண்டிய முள் முப்பதைத் தாண்டவில்லை. மெல்லிய குழாயில் உறைபனி. கேஸ் பாதிக்குக் கீழே போயிருந்தது. பழைய வகை கேஸில் ஓடும் பழைய யூனிட். ஒவ்வொரு கோடைக்கும் யாரோ வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று ஒருவரும் தேடவில்லை. எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். கசிவைத் தேடுகிற நேரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாம்.

உள்ளே திரும்பி வந்தபோது தொண்டையில் ஏதோ சுருக்கென்றது. ஊதுபத்திப் புகை என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு பெண் மெல்லிய குரலில் சொன்னார்.

"அக்கா, வெளக்கப் பாருங்க."

தரையில் இருந்த குத்துவிளக்கில், அதுவரை மஞ்சளாக எரிந்த சுடர் அடியிலிருந்து பச்சையாகிக்கொண்டு வந்தது. இலையின் பச்சை அல்ல. மயில் கழுத்தில் தெரிகிற பச்சை. அது ஆடவில்லை, சீறவில்லை. அப்படியே நின்று எரிந்தது. அதன் வெளிச்சம் அவருடைய காதிலும் கன்னத்திலும் விழுந்து, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது.

யாரும் அலறவில்லை. ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணன்தான் பேசினார். "தம்பி கேட்டுட்டான். போதும்னு சொல்றான். இதுக்கு மேல வெச்சுட்டு இருக்கக் கூடாது. பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்துருவோம்."

"புள்ள?" என்றார் அந்த அம்மா.

"புள்ள வேணும்னா அவன் ஏன் பச்சையா எரியறான்?"

அந்த அம்மா குனிந்து போர்வை ஓரத்தை இழுத்துவிட்டார்.  மேளக்காரர்களிடம் சொல்லச் சொல்லி அண்ணன் யாரையோ அனுப்பத் திரும்பினார்.

நான் குனிந்து விளக்கைப் பார்த்தேன். திரியைச் சுற்றிச் சுருள்சுருளாக ஒரு செம்புக் கம்பி. மோட்டார் காயிலுக்குச் சுற்றுகிற கம்பி. ஏசிக் காற்றில் திரி படுத்துவிடுகிறது என்று, அவருடைய பட்டறையிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சுற்றி நிமிர்த்தியிருக்கிறார்கள். கம்பியின் முனை சுடருக்குள் பழுத்துச் சிவந்திருந்தது.

பயிற்சியில் ஒரே ஒருமுறை எங்களுக்கு இதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கசிவு தேட ஒரு சிறு சுடர்விளக்கு வைத்திருந்தார்களாம். சுடருக்குள் செம்பைப் பழுக்கவைத்து, குழாய் ஓரமாகக் கொண்டுபோவார்கள். பழைய கேஸ் கசிகிற இடத்தில் சுடர் பச்சையாகும். அந்த வீட்டில், தெரியாமலே, இறந்தவரின் தலைமாட்டில் அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த கேஸ் எரியாது. ஆனால் சுடருக்குள் போய் வந்தால் உடைந்து வேறொன்றாகிவிடும். அடைத்த அறையில் அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"உங்களுக்கெல்லாம் தொண்ட எரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"காலைல இருந்து அழுதா எரியாதா அம்மிணி?"

"கண்ணும் எரியுதுங்களா?"

எல்லோருடைய கண்களும் சிவந்திருந்தன. சாவு வீட்டில் அதை யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் சங்கடத்துடன் சொன்னாள்: "எனக்கும் எரியுதுங்க. நான் இன்னும் அழுவவே இல்ல."

பெரியவரிடம் போனேன். கேஸ், செம்பு, சுடர் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இறுகிவிட்டது. படித்த பெண் சாவு வீட்டில் பாடம் நடத்துகிறாள் என்று நினைத்திருப்பார். அவர் கிணற்று வேலைக்காரர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, சட்டென்று வேறு மாதிரி கேட்டேன்.

"ஏனுங்க, நீங்களும் கெணத்து வேலைதானுங்களே? உள்ள எறங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"வெளக்கு எறக்கிப் பாப்போம்."

"எதுக்குங்க?"

"அடியில கெட்ட காத்து நின்னுதுன்னா வெளக்கு அணைஞ்சு போயிரும்." சொல்லி முடித்த பிறகு அவர் விளக்கைப் பார்த்தார். "இது அணையலயே" என்றார்.

"இது வேற காத்துங்க. இதுல அணையாது, நெறம் மாறும். ஏசில இருந்து எறங்குது. கனமான காத்து."

"கீழதான் நிக்குமா?"

"ஆமாங்க. எல்லாரும் கீழதான் உக்காந்திருக்கறாங்க."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எந்திரிங்க. மேல வாங்க" என்றார். மேல வாங்க என்று சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. கிணற்று மேட்டில் நின்று உள்ளே இருப்பவனைக் கூப்பிடுகிற குரல் அது. பெண்கள் எழுந்து வெளியே போனார்கள்.

அந்த அம்மா மட்டும் எழவில்லை. "வெளக்கு அணையக் கூடாது. அவர் தனியாக் கெடக்கக் கூடாது."

விளக்கை அணைக்காமல் அறையைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும், ஆனால் தலைமாட்டை விட்டும் போகக்கூடாது. அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்தார். தெற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு திண்டு இருந்தது. "செவுத்துக்கு அந்தப் பக்கம் வெச்சாலும் தலமாடுதானே?" என்றார் அந்த அம்மா. பெரியவர் தலையசைத்தார். அந்த அம்மா ஒரு கையால் சுடரை மறைத்தபடி விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். வாசலைத் தாண்டி வெளிக்காற்றுக்குப் போனதும் சுடர் மஞ்சளானது.

"பாத்தீங்களா, அவன் கோவம் தணிஞ்சுருச்சு" என்றார் கும்பிட்ட பாட்டி. 

கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து, டேப்பைக் கிழித்து, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து வெளியே பார்த்து ஓடவிட்டேன். மீதி கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்தேன். அறை சூடாகத் தொடங்கியது. அண்ணன் ஐஸ் கட்டிகள் வாங்க ஆள் அனுப்பினார். கட்டிலைச் சுற்றி அண்டாக்களில் ஐஸ் வைத்து, சாக்குப் போட்டு மூடினார்கள். பிறகு எல்லோரும் வெளியே போனார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விளக்கருகே அந்த அம்மா உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் நானும் அவரும் மட்டும்.

ஸ்டூலில் ஏறி, உள் யூனிட்டின் அடிப்பகுதியைத் தூக்கினேன். சுவருக்கும் யூனிட்டுக்கும் இடையில், ஸ்பாஞ்சுக்குள் மறைந்திருந்த நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குள் செம்புக்குழாயின் விரிந்த வாய் மயிரிழையளவு வெடித்திருந்தது. கசிவு அங்கேதான். வெட்டி, புதிதாக வாய் விரித்து, நட்டை இறுக்கினேன். இதையெல்லாம் அவருக்கு மேலே சாய்ந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது. டிரேயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தப்பி, அவருடைய நெற்றிக்காசுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "வேர்க்குது பாரு சாமி" என்றார். நான் இறங்கி, கைக்குட்டையால் துடைத்தேன். நெற்றி இன்னும் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை.

பிறகு கசிவு நின்றதா என்று பார்க்கக் குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து, முள்ளைக் குறித்துக்கொண்டு, ஃபேனை நிறுத்தினேன். நட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று காதால் கேட்பது என் பழக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தெருவில் மேளச் சத்தம் இல்லை. ஐஸ் உருகிச் சொட்டுவது கேட்டது. அப்புறம் ஒரு நீண்ட, மெல்லிய சத்தம். காற்று வெளியேறுகிற சத்தம். ஆரம்பித்து, நீண்டு, மெதுவாக அடங்கியது.

முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. சோப்பு நுரையைத் தடவினேன். ஒரு குமிழிகூட எழவில்லை. எனவே சத்தம் குழாயிலிருந்து வந்ததல்ல. அது கீழிருந்து வந்தது.

இறந்த உடலுக்குள் தங்கிய காற்று அப்படி வெளியேறுவது உண்டு என்று, நர்ஸாக வேலை செய்யும் தோழி பிறகு சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது. ஸ்டூலிலிருந்து இறங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு அப்பால் அந்த அம்மா சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் பொறுத்துக்கங்க. கெளம்பிட்டா. வந்துருவா." அந்தக் குரலைக் கேட்டபடி அடுத்து செய்ய வேண்டியவற்றை மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். நைட்ரஜனை விட வேண்டும். வேக்குவம் பம்ப் மாட்ட வேண்டும். வால்வு திறக்க வேண்டும். கேஸ். வரிசை முடிந்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

வேக்குவம் முடிந்து, ஏசியை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, முள்ளையும் தடித்த குழாயின் குளிர்ச்சியையும் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க அம்மிணி. நல்லா ஜில்லுனு ஆகட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதிகமா ஏத்துனா குளிர் கொறையுமுங்க."

"அதெப்படிங்க? அதிகம் போட்டா அதிகம்தானே?"

"சோத்துல உப்பு அதிகம் போட்டுப் பாருங்க" என்றார் அண்ணன், அவரைப் பார்க்காமலே.

மாலை வெயில் சாயும்போது அறை குளிர்ந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இப்போது யாருக்கும் கண் எரியவில்லை. அந்த அம்மா விளக்கை உள்ளே கொண்டுவந்தார். பழைய கம்பியில் கேஸின் மிச்சம் ஒட்டியிருக்கும் என்பதால் அதை எடுத்துவிடச் சொன்னேன். பட்டறையிலிருந்து புதுத் துண்டு கொண்டுவந்து, அவரே தன் கையால் திரியைச் சுற்றினார். சுடர் மஞ்சளாக நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா குனிந்து, அவர் காதருகே, "போன் பண்ணுனா. ஏர்போர்ட்டுல நிக்கறாளாம். உங்களக் கேட்டாளுங்க" என்றார்.

சுடர் பச்சையானது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். பிறகு மஞ்சள்.

அண்ணனும் பார்த்தார். "காத்து சுத்தமாயிருச்சுன்னீங்களே" என்றார், கோபமில்லாமல்.

மறுபடியும் ஸ்டூலில் ஏறினேன். நட்டில் நுரை தடவினேன். குமிழி இல்லை. விளக்கை ஏசி அருகிலும், தரை ஓரமாக நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோகச் சொன்னேன். எங்கேயும் நிறம் மாறவில்லை. புதுக் கம்பியின் மேல்பூச்சு எரிந்திருக்கலாம். கண் துடைத்த கையால் சுற்றியதால் கண்ணீரின் உப்பு செம்பில் பட்டிருக்கலாம். உப்பும் செம்பும் சேர்ந்தாலும் பச்சை வரும். இந்த இரண்டு காரணங்களையும் அவரிடம் சொன்னேன். கம்பி சுற்றி இவ்வளவு நேரம் கழித்து, சரியாக அந்த வார்த்தைக்கு ஏன் பச்சையானது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எடுக்கறதா மாமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

பெரியவர் தம்பியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கெடக்கட்டும். காலைல பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது முள் சரியான இடத்தில் நின்றது. வெளியே வண்டியைத் திருப்பப் போகையில் மகள் வந்த கார் உள்ளே வந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். அறைவாசலில் குளிர் மோதியதும் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக உள்ளே போய், தாடைத் துணியை விரலால் கொஞ்சம் ஒதுக்கி, கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்பா மாதிரியேதாம்மா இருக்கறாரு" என்றாள்.

அந்த அம்மா முந்தின நாளிலிருந்து முதல் முறையாகத் தண்ணீர் கேட்டார். வெயில் ஏறும் முன்பே எடுத்தார்கள். அவர் எந்தப் பெட்டிக்குள்ளும் போகவில்லை.

இப்போது நிலைமை இது. நட்டில் கசிவு இல்லை. அந்த ஏசிக்கு அதற்குப் பிறகு கேஸ் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இப்போது அந்த அம்மா படுக்கிறார், ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அது மின்சாரத்தை வீணாக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. மகள் திரும்பிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுகிறாள். அப்பாவோடு பேசாமலிருந்த வருடங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.